உடம்பு சூடாகத்தான் இருந்தது

ஆம்புலன்ஸ் கொட்டகையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் விடாக்கண்டி. மின்சாரம் தாக்கி ரோட்டோரம் கிடந்த ஒரு லைன்மேனைக் கூட்டம் துண்டு போட்டு மூடிவிட்டது. அந்தத் துண்டை இழுத்து எறிந்துவிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தவள் அவள். டிரைவர் மாற்றிக்கொள்ள வந்தபோதுகூட இடம் விடவில்லை. அந்த ஆள் இன்றைக்கும் கம்பம் ஏறுகிறான். வண்டியைப் பார்த்தால் மேலே இருந்தபடியே கையாட்டுவான். நர்ஸ் வேலையில் அவள் எத்தனையோ செய்திருந்தாலும் அந்த ஒரு காரியத்தால்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவள் ஒருநாள் கையை வைக்காமல் நின்றுவிட்டாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

அது திடீரென்று வந்த பிடிவாதம் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால், வருடக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆளைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துவிடலாம் போல இருந்தார். மூச்சு அப்போதுதான் நின்றிருந்தது. உடம்பு விறைத்துப் போயிருந்தால் ஒழிய வண்டியில் போகிற நர்ஸ் நெஞ்சை அமுக்கியே ஆக வேண்டும். ஆரம்பித்தால் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் போதும் என்று சொல்கிறவரை நிறுத்தக்கூடாது. விதி அப்படி. ஆரம்பித்த உடனேயே விலா எலும்பு போயிற்று. சத்தம் காதுக்கு வரவில்லை, உள்ளங்கைக்கு வந்தது. பிறகு இன்னொன்று. வாயோரம் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை அமுக்கிக்கொண்டே போனாள். அங்கே இருந்த டாக்டர் பெரியவரின் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், "போதும் சிஸ்டர்" என்றார்.

வெளியே வந்ததும் மகன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "முடிஞ்ச மட்டும் பண்ணீங்கம்மா. ரொம்ப நன்றி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த நன்றி அவளைப் போட்டு உலுக்கிவிட்டது.

டிரைவர் டீயை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு ஹாரன் என்று பெயர். மெதுவாகப் பேச வராது.

"என்ன சிஸ்டர், டீ ஆறுது."

"அண்ணே, அந்தப் பெரியவர் நம்மகிட்ட என்ன கேட்டார்?"

"அவர் எங்க கேட்டார்? நாம போறதுக்குள்ளதான் முடிஞ்சுபோச்சே."

"அதான் சொல்றேன். அவரை யாருமே கேக்கலை. இத்தனை வருஷமா அதே கட்டில்ல கிடந்தாரு. பெத்த புள்ள ஒரு தடவை, 'அப்பா, உனக்கு என்ன பண்ணட்டும்'னு கேட்டிருக்கலாம்ல. செத்த பிறகு நாம போய் எலும்பை ஒடிச்சிட்டு வர்றோம். அதுக்கு ஒரு நன்றி வேற."

"இந்த வேலையில ரொம்ப யோசிச்சா கை நடுங்கும் சிஸ்டர். டீயைக் குடிங்க."

அவள் டீயைக் குடித்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடி போய்க் கழுவினாள்.

ரொட்டிக்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டது அதற்கடுத்த வாரம். முன்னால் கடை, நடுவில் மாவு மேடை, பின்னால் அடுப்பு என்று நீளமாகப் போகிற வீடு. அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. வயிற்றுக்குள் வந்த கட்டி ஈரல்வரை பரவிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து அவர் அந்த அறையில்தான் இருந்தார். எந்நேரமும் அவருக்குக் குளிர் எடுத்தது. கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். செங்கல் சூடு முதுகில் படும்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அதைவிட. அவர் மனைவி முழங்கைவரை மாவாக நின்று பிசைந்துகொண்டிருந்தாள். புருஷன் படுத்த நாளிலிருந்து அடுப்பு அவள் பொறுப்பு. தடித்த, உறுதியான கைகள். மாவை மேடையில் தூக்கி அடித்தால் அலமாரித் தட்டுகள் குலுங்கும்.

"நான் கூப்பிடலை. இவதான் பயந்துபோய்க் கூப்பிட்டா" என்று மகளைக் கண்ணால் காட்டினாள். மகள் வாசலில் அழுத முகத்தோடு நின்றாள்.

உள்ளே ரொட்டிக்காரர் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தார். விடாக்கண்டி தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினாள். ஜன்னலைத் திறந்து, ஒரு மின்விசிறியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் ஏறி இறங்குவது குறைந்தது. அவர் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்பாடா. பொண்ணு ஆம்புலன்ஸ்னு சொன்னதும் அள்ளிக்கிட்டுப் போகத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா அண்ணே?"

"அவங்களே திருப்பி அனுப்பின சரக்கு. மறுபடி எடுத்துக்க மாட்டாங்க." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அடங்கியதும் கேட்டார். "ஒண்ணு சொல்லுங்க. மூச்சு நின்னா நீங்க நெஞ்சுல ஏறி மிதிப்பீங்களாமே?"

"மிதிக்க மாட்டோம். அமுக்குவோம்."

"எவ்வளவு அமுக்குவீங்க?"

அவள் விரலால் ஆழத்தைக் காட்டினாள். அவர் கதவு வழியாக மனைவியைப் பார்த்தார்.

"அது இவ மாவு பிசையற கணக்காச்சே. எலும்பு தாங்குமா?"

"தாங்காது. உடையும்."

"உடைஞ்சாலும் எழுந்திருப்பேனா?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஹாரன் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லணும்னா சொல்றேன் அண்ணே. நெஞ்சடைச்சு விழுந்தவங்க, தண்ணியில விழுந்தவங்க, அவங்கள்ல சிலபேர் எழுந்து வருவாங்க. உங்களுக்கு வந்திருக்கிறது வேற. இதயம் தானா நிக்காது, உடம்பு முடிஞ்சுதான் நிக்கும். அமுக்கினா ஒருவேளை துடிப்பு வரலாம். ஆனா வீட்டுக்கு வரமாட்டீங்க. தொண்டையில குழாயோட அங்கேயே கொஞ்ச நாள். அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு வேணாம்." குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "என் நெஞ்சுல யாரும் கைவைக்கக் கூடாது. ஏய், கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி, மாவிலிருந்து நிமிராமல். பிறகு அந்த மாவை அப்படி ஒரு அடி அடித்தாள்.

"நீ கேட்டியாம்மா?"

மகள் தலையை ஆட்டினாள்.

"சிஸ்டர், நீங்க?"

"கேட்டேன் அண்ணே."

"அது பத்தாது. வந்தா தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"தொடமாட்டேன்" என்றாள் விடாக்கண்டி.

வண்டியில் ஏறியதும் ஹாரன் பிடித்துக்கொண்டான். "என்ன சிஸ்டர் நீங்க? வாக்குக் குடுத்துட்டு வர்றீங்க! நாளைக்கு நாமளே வரவேண்டி வந்தா?"

"வந்தா என்ன? சொன்னதைச் செய்யவேண்டியதுதான்."

"விதி?"

"விதியை எழுதினவங்க அந்த ரூம்ல இல்லையே அண்ணே."

அதன்பிறகு வேலை முடிந்து போகும்போதெல்லாம் அவள் ரொட்டி வாங்குகிற சாக்கில் அங்கே நுழைந்துவிட்டுத்தான் போவாள். புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, உதட்டை எப்படி ஈரப்படுத்துவது என்று மனைவிக்குக் காட்டிக்கொடுத்தாள். வலி மருந்தை வலி வந்தபிறகு கொடுக்காதீர்கள், வருவதற்கு முன்னால் கொடுங்கள் என்றாள். மகள் சூடாக ஒரு பன்னைத் தாளில் சுற்றித் தருவாள். ரொட்டிக்காரர் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஆனால் ரொட்டி வெந்துவிட்டதா என்று வாசனையை வைத்து அறையிலிருந்தபடியே சொல்வார். "எடுத்துடு, எடுத்துடு!" என்று அவர் குரல் வந்தால் மனைவி அடுப்புக்கு ஓடுவாள். அந்தக் குரலும் நாளுக்கு நாள் தேய்ந்தது.

ஒருநாள் மதியத்திலிருந்து ஓயாத மழை. கூப்பிட்டது ஓர் ஆண் குரல். "என் அண்ணன் மூச்சு விடலை! சீக்கிரம் வாங்க!" விலாசத்தைக் கேட்டதும் ஹாரன் அவளைப் பார்த்தான். ஆனாலும் அவன் முழு வேகத்தில்தான் ஓட்டினான்.

அறைக்குள் நுழைந்தபோது ரொட்டிக்காரர் தரையில் கிடந்தார். வெளியூரில் மரக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி முதல் நாள்தான் வந்திருந்தார். கதவு நிலையை அடைக்கிற உடம்பு. அவர்தான் அண்ணனைக் கட்டிலிலிருந்து இறக்கிப்போட்டு நெஞ்சில் கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். எங்கே, எப்படி என்று தெரியாமல், அழுதுகொண்டே அமுக்கினார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தம்பி, கையை எடு! சொல்றேன்ல, எடு கையை!"

"விடுங்க அண்ணி! உயிர் இருக்கு, உடம்பு சூடா இருக்கு பாருங்க!"

விடாக்கண்டி முட்டிபோட்டு உட்கார்ந்து கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை. உடம்பு சூடாகத்தான் இருந்தது. தம்பியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கி நகர்த்தினாள்.

"வந்துட்டீங்களா? பண்ணுங்க சிஸ்டர், நீங்க பண்ணுங்க!" அவர் ஒதுங்கி இடம் விட்டார்.

ஹாரன் பையைத் திறந்து பக்கத்தில் வைத்தான். எல்லாரும் அவள் கைகளையே பார்த்தார்கள். அவள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பண்ண மாட்டேன். அவர் வேணாம்னு என்கிட்ட சொல்லியிருக்கார்."

"எப்ப சொன்னான்? யார்கிட்ட சொன்னான்?"

"உங்க அண்ணிகிட்ட, பொண்ணுகிட்ட, என்கிட்ட. இதே ரூம்ல."

"ஆமா சித்தப்பா" என்றாள் மகள். குரல் கிழிந்தது. "அப்பா சொன்னாரு."

"அவன் ஆயிரம் சொல்லுவான்! வலியில சொன்னதையெல்லாம் எடுத்துக்குவீங்களா? என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்டி அவன்! நேத்து ராத்திரிதான் வந்தேன். ஒரு வார்த்தைகூடப் பேசலை அவன்!"

ஆஸ்பத்திரி மாடியில் இருக்கிற கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் சொல்லாமல் இருக்க முடியாது. ஹாரன் போனைப் போட்டு அவள் காதருகே பிடித்தான். டாக்டர் விவரத்தைக் கேட்டார்.

"விறைப்பு இருக்கா?"

"இல்ல டாக்டர். இப்பதான் நின்னிருக்கு."

"அப்ப ஆரம்பிங்க. என்ன கேள்வி இது?"

"பேஷன்ட் வேணாம்னு சொல்லியிருக்கார். வீட்டிலயும் வேணாம்கிறாங்க."

"பக்கத்துல ஒருத்தர் கத்தறது எனக்கே கேக்குது. நாளைக்குப் பிரச்சனை வந்தா யார் பதில் சொல்றது? வண்டியில ஏத்திட்டு வாங்க. ஆஸ்பத்திரியில பார்த்துக்கலாம்."

"முடியாது டாக்டர்."

"சிஸ்டர், இது என் உத்தரவு."

"அப்ப நீங்க வந்து பண்ணுங்க. நான் பண்ணமாட்டேன்."

ஹாரன் போனை மூடிக்கொண்டு குனிந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினான். "சிஸ்டர், சும்மா அமுக்கற மாதிரி பண்ணிட்டுப் போயிடலாம். லேசா. அவருக்கும் வலிக்காது, இவரும் அடங்குவாரு. எல்லாரும் செய்யறதுதானே?"

"நடிக்கச் சொல்றீங்களா?" அவள் குரலை அடக்கவில்லை. "செத்துப்போன மனுஷன் மேல நான் நாடகம் போடணுமா? யாரை ஏமாத்த அண்ணே? இவரையா? இவர் அண்ணனைப் பறிகொடுத்துட்டு நிக்கறாரு. இவரைப்போய் ஏமாத்தவா?"

தம்பி அதைக் கேட்டார். கேட்டது அவரை இன்னும் கொதிக்கவைத்தது. "கொலைகாரி" என்றார். "உன்னை விடமாட்டேன். வேலையைவிட்டுத் தூக்கறேன் பார்."

"புகார் பண்ணுங்க. நானே விலாசம் தர்றேன். இப்ப அவரைத் தரையிலிருந்து தூக்கணும், ஒரு கை பிடிங்க."

அவர் பிடிக்கவில்லை. அண்ணிதான் வந்து தோளைப் பிடித்தாள். ஹாரன் காலைப் பிடித்தான். சூடான சுவரோரம் கட்டிலில் கிடத்தி, கலைந்த சட்டையை இழுத்துவிட்டார்கள். அவள் புருஷனின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கருகல் வாசனை எட்டியது.

"ரொட்டி!" என்று ஓடினாள்.

"இப்பக்கூட ரொட்டியா அண்ணி?" என்று தம்பி அலறினார்.

"உங்க அண்ணன் ஒருநாள்கூடக் கருகவிட்டதில்ல!" அவள் அடுப்பு வாயில் நீளக் கரண்டியை விட்டு ஒவ்வொரு தட்டாக இழுத்து வெளியே போட்டாள். கடைசித் தட்டை வைத்தபிறகு அந்த மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் போய்க் கட்டிக்கொண்டாள். மாவும் கண்ணீருமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டிருக்க, விடாக்கண்டி கட்டிலருகே போய் நின்று, திறந்திருந்த அவர் கண்களை மூடினாள்.

புகார் போனது. அவளைக் கூப்பிட்ட மேலதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். கன்ட்ரோல் ரூம் டாக்டரும் அங்கே இருந்தார்.

"இதைப் பெரிசாக்க வேணாம்மா" என்றார் அதிகாரி. "நீங்க போனப்ப உடம்பு ஜில்லுனு இருந்துச்சு, விறைக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. விதியிலயே இடம் இருக்கு. ஃபைலை மூடிடலாம்."

"சூடாத்தான் சார் இருந்துச்சு."

"அது எங்களுக்குத் தெரியும். எழுதறதுக்குச் சொல்றேன்."

"சூடா இருந்துச்சு. அமுக்கியிருக்கலாம். நான் அமுக்கலை. ஏன்னா அவர் வேணாம்னு சொன்னார். இதுல எந்த வரியை மாத்தணும் சார்?"

டாக்டர் சலித்துக்கொண்டார். "ஊரைத் திருத்தவா வேலைக்கு வந்தீங்க? ஒரு பொய். ஒரே ஒரு பொய். நானும் தப்பிச்சுக்குவேன், நீங்களும் தப்பிச்சுக்குவீங்க."

"பொய் சொன்னா நான் ஏதோ தப்பு பண்ணி மறைச்ச மாதிரி ஆயிடும் டாக்டர். நான் தப்பு பண்ணலை. இதுக்கு முன்னாடி ஒரு பெரியவரைப் போட்டு நொறுக்கினேன், அதை யாரும் கேக்கலை. எல்லாம் விதிப்படி சரியா இருந்துச்சு. அதுக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிச்சிருந்தீங்கன்னா தலையைக் குனிஞ்சு நின்னிருப்பேன்."

விசாரணை முடிகிறவரை வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லி அவளை மருந்துக் கிடங்கில் போட்டார்கள். ஜன்னலே இல்லாத அறை. பஞ்சு மூட்டைகளும் கையுறைப் பெட்டிகளும்தான் துணை. கொட்டகையில் சிலபேர் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். சிலபேர் சாமான் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வீண் என்று தெரிந்தே தாங்கள் அமுக்கியதைச் சொன்னார்கள். யாரோ ஒரு தொட்டில் குழந்தை, யாரோ ஒரு புற்றுநோய்க்காரி. ஒரு முரட்டு ஆள் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "சொல்ல வேண்டியதை வெளியில சொல்லுங்கப்பா. இங்க வந்து பஞ்சுகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று அவனை விரட்டினாள்.

ஒருநாள் மரக்கடைத் தம்பி அங்கே வந்து நின்றார். இளைத்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றாள்.

"உட்காரு" என்றார் அவர். பிறகு, "உட்காருங்க." தானும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தூள் படிந்த, வெடித்த கைகள்.

"நான் அமுக்கினேனே. அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"நிஜமாவா? எனக்காகச் சொல்றியா?"

"உங்களுக்காகப் பொய் சொல்றதா இருந்தா அன்னைக்கே அமுக்கியிருப்பேனே."

அவர் தலையாட்டினார். "நீ அமுக்கியிருந்தா வந்திருப்பானா?"

"ரொம்ப ரொம்பச் சந்தேகம். வந்திருந்தாலும் ரெண்டு நாளோ மூணு நாளோ. கண்ணைத் திறந்திருக்க மாட்டார்."

"அந்த ரெண்டு நாள்தான் எனக்கு வேணும்." வெடித்து வந்தது. "பக்கத்துல உட்கார்ந்து கையையாவது பிடிச்சிருப்பேன். கடை கடைன்னு அலைஞ்சிட்டுக் கடைசி நாள்ல வந்தவன் நான். புரியுதா உனக்கு?"

"புரியுது அண்ணே. அந்த ரெண்டு நாள் உங்களுக்கு. வலி அவருக்கு. நான் அவர் பக்கம் நின்னேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார். எழுந்து கதவுவரை போய்த் திரும்பினார். "புகாரை நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்காதீங்க" என்றாள் அவள். "நீங்க வாபஸ் வாங்கினா இதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க. வந்து எல்லார் முன்னாடியும் கேளுங்க. நானும் பதில் சொல்றேன்."

விசாரணையில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் தலைமை டாக்டர், கண்டிப்பான அம்மாள். தம்பி எழுந்து, எங்கள் அண்ணனை இவர்கள் தொடவே இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். அண்ணியைக் கூப்பிட்டார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். காதோரம் மாவு.

"நானும்தான் தொடவிடலை. தம்பி சட்டையைப் பிடிச்சு இழுத்தவ நான். குற்றம்னா என்னையும் சேர்த்து எழுதிக்குங்க."

தலைமை டாக்டர் தம்பியிடம் திரும்பினார். "உங்க அண்ணன் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார்னு நினைக்கிறீங்களா?"

அவர் மறுபடி எழுந்தார். "சொல்லியிருப்பான். எங்கிட்டச் சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியும். அதான் இவங்ககிட்டச் சொல்லியிருக்கான்." அண்ணியைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா எனக்குக் கோபம் போகலை மேடம். அதையும் எழுதிக்குங்க."

"நீங்க வருத்தம் தெரிவிச்சா இத்தோட முடிஞ்சிடும்" என்றார் தலைமை டாக்டர் விடாக்கண்டியிடம்.

"அவர் செத்ததுக்கு வருத்தம் மேடம். இவர் அழறதுக்கு வருத்தம். நான் செஞ்சதுக்கு இல்ல."

"இனிமேலாவது விதிப்படி நடப்பீங்களா?"

"முதல்ல கேப்பேன். பதில் சொல்ல யாரும் இல்லன்னா விதிப்படி நடப்பேன். பதில் கிடைச்சா அதன்படி நடப்பேன்."

"அப்ப மறுபடி இங்க வந்து நிப்பீங்க."

"நிக்கறேன் மேடம்."

கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். விதியைப் பற்றி யோசிக்க ஒரு குழு போடப்படும் என்றார்கள். குழு வந்ததோ இல்லையோ, வண்டிக்கு ஆள் போதவில்லை. நியாயம் செய்யாத வேலையை ஆள் பற்றாக்குறை செய்தது. அந்த வாரமே அவளைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், ஒரு பழைய மாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. லிஃப்ட் கிடையாது. உச்சி மாடிவரை பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தனியாக இருக்கிற ஒரு முதிய அம்மாள். வயது தொண்ணூறைத் தொட்டிருக்கும். தோலுக்கு அடியில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"பாவம், வயசாயிடுச்சு" என்றார் ஒருவர். "படாதபாடு படுத்தாதீங்க சிஸ்டர். நல்லபடியாப் போகட்டும்."

"நாதி இல்லாதவங்க. இருந்துதான் யாருக்கு?" என்றாள் இன்னொருத்தி.

ஹாரன் கையில் பையோடு அவளைப் பார்த்தான். இந்த முறை அவனும் காத்திருந்தான். விடாக்கண்டி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அம்மா, உங்க இதயம் ரொம்பத் தடுமாறுது. வழியிலயே நின்னாலும் நிக்கலாம். நின்னா நெஞ்சை அமுக்கணும். வலிக்கும், எலும்பு உடையும். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். உங்களுக்கு என்ன வேணும்?"

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு விடாக்கண்டியின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"நான் இருக்கணும்" என்றார். "இவங்க பேச்சைக் கேக்காத. என்னை விட்டுடாத."

"விடமாட்டேன்."

நாற்காலியோடு கட்டித் தூக்கினார்கள். நல்லபடியாகப் போகட்டும் என்றவரையே ஒரு பக்கம் பிடிக்கவைத்தாள். பாதிப் படியில் அம்மாளின் தலை தொங்கியது. அங்கேயே, படிகள் திரும்புகிற சின்ன இடத்தில் இறக்கிப் படுக்கவைத்து அமுக்க ஆரம்பித்தாள். சுவரில் முழங்கை இடித்தது. ஹாரன் அம்மாளின் வாய்மேல் வைத்த காற்றுப் பையைப் பிழிந்துகொண்டே போனைத் தரையில் வைத்து ஒலியைக் கூட்டினான். அதே கன்ட்ரோல் ரூம் டாக்டர்.

"வயசு என்ன?"

"என்ன வயசா இருந்தா என்ன?"

"சிஸ்டர், தொண்ணூறுக்கு மேலன்னா எதுக்கு இவ்வளவு போராட்டம்? நீங்களே அன்னைக்கு..."

"அன்னைக்கு அவர் வேணாம்னார். இன்னைக்கு இவங்க வேணும்கிறாங்க!" மூச்சு வாங்க, கை நிற்காமல், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "வாயைத் திறந்து சொன்னாங்க டாக்டர், இருக்கணும்னு சொன்னாங்க. படுக்கை தயாரா வைங்க. வாசல்ல ஆள் நிக்கணும்!"



"கொண்டு வாங்க" என்றார் டாக்டர். "நானே கீழ வந்து நிக்கறேன்."